நம்மாளு

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறாரே, அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வீட்டு வாசலில் மாட்டிய பலகையில்கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. "நம்மாளு இருக்காரா?" என்றுதான் கடைக் கதவைத் திறக்கும்போதே கேட்பார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, வருகிற அத்தனை பேரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தனை பேருக்கும் ஒருவரோடு ஒருவருக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. லாரி ஓட்டுகிறவர் ஒருவர் வருவார். பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு மீதியை மட்டும் வெளியே விடுகிற ஆள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வருவார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முற்றுப்புள்ளி வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவுக்கோ எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு இழுவை, அந்த இழுவையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். மூன்று பேரும் இவர் எதிரே அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்த்து, பத்து நிமிஷம் பேசிவிட்டு எழுந்தால், மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நீங்க நம்ம பக்கமா?"

அவர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எதிரே இருக்கிறவர் சிரிப்பு மாதிரியேதான் இருக்கும்.

ஆள் பிடிக்கிற தந்திரம் என்று இதை யாராவது நினைத்தால் அது பெரிய பாவம். மனுஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. யாரோடு பேசுகிறாரோ அவருடைய பேச்சு அவர் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சாக்பீஸைத் தொட்டால் கையில் ஒட்டுவது மாதிரி. லாரிக்காரர் எழுந்து போய் தலைமையாசிரியை உட்கார்ந்தால் முதல் இரண்டு வாக்கியம் முழுங்கி முழுங்கி வரும், மூன்றாவதில் முற்றுப்புள்ளி விழுந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது தனக்கு இப்படி நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் கவனமெல்லாம் வேலையில் இருக்கும். வலது காது இடது காதைவிட ஒரு நூல் மேலே இருக்கிறதா, மூக்கில் அழுத்துகிற அந்தச் சின்ன ரப்பர் வில்லை சரியான இடத்தில் உட்கார்ந்ததா, காதில் மாட்டுகிற காம்பை எங்கே வளைக்க வேண்டும் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே பேசுவார். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிக்கல். புதுக் கண்ணாடி போட்டதும் ஒரு அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. எந்த வரி வரைக்கும் படிக்க முடிகிறது என்று பார்க்கத்தான் அந்த அட்டை. இவர் என்ன செய்வார் தெரியுமா, அவர்களோடு சேர்ந்து தானும் படிப்பார். வாய்க்குள்ளேயே, மெதுவாக, அதே வேகத்தில், அதே ராகத்தில். கடைசி வரி வந்து ஆள் தடுமாறினால் இவர் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்வார். "நீங்க கூடவே சொன்னா அவங்க கண்ணால படிக்கிறாங்களா, காதால படிக்கிறாங்களான்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதானே? இரண்டு பேர் அப்படித் தப்பான கண்ணாடியோடு போய்த் தலைவலியோடு திரும்பி வந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அட்டையைக் கொடுக்கும் நேரத்தில் அவர் திருகு முடுக்குகிற தன்னுடைய சின்னத் திருப்புளியைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான். அந்தத் திருப்புளியின் மரப்பிடியில் ஒரு வாய் அளவுக்குப் பல் தடம் பதிந்துபோயிருக்கிறது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரோடு போடுகிற இடத்திலிருந்து என்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். ரோடு எங்கே போகிறதோ குடும்பமும் அங்கே போகும். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒன்பது பள்ளிக்கூடம். மூன்றாவது பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியர் கேட்ட ஏதோ ஒன்றுக்கு எழுந்து நின்று பதில் சொன்னார். பதில் சரிதான். ஆனால் அந்த வகுப்பு மொத்தமும் சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். என்ன சொன்னோம் என்பது இப்போது அவருக்கு நினைவில்லை. சிரிப்பு நினைவிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தெருப் பிள்ளைகள் பேசுவதை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவராகப் பேசினார். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது, அவர் பேச்சு அவர்கள் பேச்சாகத்தானே இருக்கும்?

சரி, இத்தனை வருஷம் இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வந்தது வினை, மகள் கல்யாணத்தில்.

அவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவுக்கு நேர் எதிர். யார் எதிரே நின்றாலும் அவள் பேச்சு ஒன்றுதான், பெரிய டாக்டரிடமும் அதே, ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளையிடமும் அதே. அவளும் கூட வேலை பார்க்கிற ஒரு பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நல்ல பையன். அம்மா இல்லாத பிள்ளை, இரண்டு வயதிலிருந்து அப்பாதான் வளர்த்தார். அந்த அப்பா ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவர், அச்சடிக்கும் முன்னால் தாளைப் படித்துப் பிழை திருத்துகிற வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் ப்ரூஃப் சார். அவருக்குப் பேச்சு திக்கும். லேசாக இல்லை, நன்றாகவே திக்கும். அதனால் மகனுக்குக் கதைகளைக்கூட எழுதிக் காட்டித்தான் வளர்த்திருக்கிறார். அந்தப் பையன் மூன்று வயதில் எழுத்துக் கூட்டிப் படித்ததற்கு அதுதான் காரணமாம். ஆனால் அப்பா சரி என்று சொல்லாமல் அவன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். அதை முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து பேசுகிறோம் என்று அவர்கள் சொன்ன நாளில், காலையிலேயே மகள் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பையனுடைய அப்பாவுக்குப் பேச்சு திக்கும் என்பதைச் சொன்னாள். தயவுசெய்து அதிகம் பேசாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள், பேசுகிறதை எல்லாம் அம்மா பேசட்டும் என்றாள். அவர் சட்டைப் பையில் திருப்புளியை எடுத்து வைத்துக்கொண்டார். மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால் திருப்புளியைக் கடித்துக்கொண்டு உட்காரப் போகிறீர்களா, கிறுக்கு என்று எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்லிப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மூன்று பேர் வந்தார்கள். பையன், ப்ரூஃப் சார், ப்ரூஃப் சாருடைய அக்கா. அக்கா நல்ல மாதிரிதான், ஆனால் தம்பியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த அம்மாதான் முடித்து வைப்பார். அவர் "உ… உங்க பொண்ணு…" என்று தொடங்குவார், "உங்க பொண்ணு லட்சணமா இருக்கான்னு சொல்றான்" என்று அக்கா முடிப்பார். அவர் சொல்ல வந்தது அது இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொள்வார். வாழ்நாள் முழுக்க இப்படித் தலையாட்டிப் பழகின மனுஷன் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நம்மாளு தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த மனுஷர் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் இமை லேசாக மூடுவதையும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்ப்பதையும், வார்த்தை உடைந்து வெளியே வந்ததும் தோள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு பேச்சை இத்தனை பக்கத்தில் அவர் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அவருடைய கட்டைவிரலும் தேய்க்கத் தொடங்கிவிட்டது, அது அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ப்ரூஃப் சார் அவரை நேராகப் பார்த்துக் கேட்டார், கடை எங்கே இருக்கிறது என்று. சாதாரணக் கேள்வி. மனைவி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நம்மாளு சொல்லிவிட்டார்.

"ப… ப… பஸ் ஸ்டாண்டு ப… பக்கத்துல."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். தான் செய்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தார். இல்லை, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வந்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு அதே எழுத்தை நான்கு தடவை சொன்னார், இமை மூடி, விரல் தேய்த்து, அச்சு அசலாக. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப் போகலாம் போல இருந்தது. அக்கா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். என் தம்பி இந்த மாதிரி எத்தனையோ பார்த்துவிட்டான், இந்த வயதிலுமா என்றார். ப்ரூஃப் சார் வாசலில் செருப்பைப் போடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் அப்படிப் பார்க்கவில்லை.

மறுநாள் பையன் அவளிடம் சொல்லிவிட்டான்: அப்பா மனசு சமாதானம் ஆகாமல் என்னால் எதுவும் செய்ய முடியாது. அத்தை வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார், அதையும் மறைக்காமல் சொன்னான். மகள் வீட்டுக்கு வந்து கத்தவில்லை, அழவும் இல்லை. அப்பா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க போய் அவர்கிட்ட பேசணும். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆனா உங்க பேச்சுல பேசணும். அவர் பேச்சுல இல்ல, என் பேச்சுல இல்ல. உங்க பேச்சுல."

சரிம்மா என்றார். பிறகு கேட்டார், "என் பேச்சு எதும்மா?"

அவள் அவரையே பார்த்தாள். தெரியவில்லை அப்பா, என்னிடம் நீங்கள் என்னை மாதிரிதானே பேசுவீர்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் மாறியிருந்தது.

திங்கட்கிழமை தொடங்கினார் விசாரணையை. திருட்டுப்போன சைக்கிளைத் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். முதலில் மனைவி. உங்கள் பேச்சா, படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவீர்களே, அதுதான் என்றாள் அவள். படபடவென்று பொரிந்து தள்ளுகிறது யார் என்று தெருவுக்கே தெரியும். அடுத்து முதலாளியம்மா. அளந்து, கறாராக, ஒரு வார்த்தை அதிகம் இல்லாமல் பேசுவீர்கள், அதனால்தானே உங்களை வைத்திருக்கிறேன் என்றார். அது அந்த அம்மாவேதான். லாரிக்காரர் அப்போது கண்ணாடிக் காம்பை உடைத்துக்கொண்டு வந்திருந்தார், அவரிடமும் கேட்டார். நம்மள மாதிரிதான், வேறெப்படி என்று பாதியை முழுங்கிக்கொண்டு சொன்னார் அவர். வேறு ஊரில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை. நீ அப்படியே நம்ம அப்பாடா, போனில் கேட்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடும் என்றார். போனை வைத்த பிறகுதான் நம்மாளுக்குப் புரிந்தது, அப்பா மாதிரிப் பேசுகிறது அண்ணன். அண்ணனிடம் பேசும்போது தானும் அப்படிப் பேசியிருக்கிறோம்.

அப்படியானால் எதிரே யாருமே இல்லாவிட்டால்? அது அவருக்கே சுவாரஸ்யமாக இருந்தது. புதன்கிழமை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் குரல் பதிவை அழுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து பேசிப் பார்த்தார். வணக்கம் என்று தொடங்கினார். இன்று காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்தோம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வந்த இரண்டு வாக்கியமும் யாருடையதோ மாதிரி இருந்தன. வெளியிலிருந்து மனைவி கேட்டாள், உள்ளே யாரு, செய்தி ஓடுதா என்று.

அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கொள்ளவில்லை. பயமும் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக ஒரு வியப்பு. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் தன் வீட்டில் தான் பார்க்காத ஒரு அறை இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றால்?

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனார். முன்பக்கம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, மையும் சூடான தாளும் கலந்த வாசனை. ப்ரூஃப் சாருக்குப் பின்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. மேஜை, இரண்டு நாற்காலி, சிவப்புப் பென்சில்கள் நிறைந்த ஒரு டப்பா, இடுப்பளவு தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். போ என்று சொல்லவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினார்.

நம்மாளு உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைத் தொடங்கினார். "அன்றைய தினம் தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்திற்கு நான் ஆழ்ந்த…" அவ்வளவுதான் சொன்னார். ப்ரூஃப் சார் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதி நகர்த்தினார். ‘இயல்பாகப் பேசுங்கள்’ என்று இருந்தது. முத்து முத்தான எழுத்து.

"அது எனக்கு எ… எப்படின்னு தெ…" என்று ஆரம்பித்துவிட்டார் இவர். திக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கையில் இருந்த தாளுக்குத் திரும்பிவிட்டார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார் நம்மாளு. மகள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. போகவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கண் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. ப்ரூஃப் சாருடைய கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது காம்பின் மூட்டில் திருகு இல்லை, நூல் கட்டியிருந்தார். அதனால் கண்ணாடி கீழே இறங்கி, ஒவ்வொரு வரிக்கும் அவர் முகவாயை மேலே தூக்கித் தூக்கிப் படித்தார். நாள் முழுக்க இப்படிப் படித்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? நம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டினார். ப்ரூஃப் சார் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

கைப்பையில் திருகு இருந்தது, சின்ன இடுக்கி இருந்தது. திருப்புளி மட்டும் இன்னும் வீட்டு அலமாரிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. பேனாக் கத்தியின் முனையால் திருகை முடுக்கினார். மேஜை விளக்கின் சூட்டில் காம்பைக் காட்டி இளக்கி வளைத்தார். மூக்கு வில்லையைத் துடைத்து ஒரு முடி அளவு விரித்தார். எழுந்து போய் அவர் முகத்தில் தானே மாட்டி, எட்டி நின்று பார்த்து, மறுபடி கழற்றி வலது பக்கத்தைத் தொட்டார். அந்தக் கால் மணி நேரமும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அது ஒரு சங்கடமாகவும் இல்லை. வேலை முடிந்ததும், முப்பது வருஷப் பழக்கம், மேஜையில் கிடந்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"படிங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது என்ன சொல்லிவிட்டோம் என்று. யாரைப் போய் வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். ப்ரூஃப் சார் அவரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தாளைத் தூக்கிப் பிடித்தார். அது ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தோடு கொடுக்கிற விளக்கப் புத்தகத்தின் பக்கம். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டார். இமை மூடியது. கட்டைவிரல் தேய்த்தது.

நம்மாளுடைய உதடு தானாக அசைந்தது. கடித்துக்கொள்ளப் பல்லுக்கு நடுவே ஒன்றும் இல்லை. தோளுக்குப் பின்னால் நின்றபடி, அட்டை படிக்கிறவர்களோடு சேர்ந்து படிப்பது மாதிரி, வாய்க்குள்ளேயே தொடங்கினார். இயந்திரத்தைச் சமமான தரையில் வைக்கவும். ப்ரூஃப் சாருடைய குரல் அதில் வந்து சேர்ந்தது. தண்ணீர்க் குழாயை இறுக்கமாகப் பொருத்தவும். மூடியைச் சரியாக மூடிய பின்னரே பொத்தானை அழுத்தவும். ஒரு வரி, இரண்டு வரி, ஐந்து வரி. எங்கேயும் நிற்கவில்லை. யார் முன்னால் போகிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்று தெரியாத அளவுக்கு இரண்டு குரலும் ஒன்றாகப் போயின. கனமான துணிகளையும் மெல்லிய துணிகளையும் ஒன்றாகப் போட வேண்டாம் என்பதில் பக்கம் முடிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாள் அடுக்குகிற இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ரூஃப் சார் தாளைக் கீழே வைத்தார். பேசினார், இப்போது தனியாக, பழைய மாதிரித் திக்கித் திக்கி. நம்மாளு முடித்து வைக்காமல் நின்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடத்தைச் சொல்கிறபோது அவருக்குத் திக்காதாம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே பள்ளிக்கூடம் போவாராம். பள்ளிக்கூடம் முடிந்ததோடு அதுவும் முடிந்துவிட்டது, அப்புறம் யார் கூடச் சேர்ந்து சொல்ல என்றார்.

நம்மாளு அப்போது தன் கதையைச் சொன்னார். ரோடு ரோலரை, ஒன்பது பள்ளிக்கூடங்களை, அந்த மூன்றாவது பள்ளிக்கூடத்தின் சிரிப்பை. மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்லும்போது நடு நடுவே திக்கியது. அதை அவர் மறைக்கவில்லை, எதிரே இருந்தவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டு முடித்துவிட்டு ப்ரூஃப் சார் மெதுவாகச் சொன்னார்:

"எ… என்னையும் பாத்துச் சிரிச்சாங்க. நா… நான் வாயை மூடிக்கிட்டேன். நீங்க வாயை மா… மாத்திக்கிட்டீங்க."

பிறகு ப்ரூஃப் சார் ஒரு துண்டுத் தாளை இழுத்து எழுதினார், அடித்தார், திருத்தினார், மறுபடி எழுதினார். எழுதி முடித்து, போனை எடுத்து மேஜை நடுவே வைத்து, அக்காவின் எண்ணை அழுத்திவிட்டார். போனில் பேசுகிறது என்றால் அவருக்கு உயிர் போகும் என்று மகன் சொல்லியிருக்கிறான், வீட்டில் போன் மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். தாளை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். அந்தப் பக்கம் அக்கா எடுத்ததும் தலையை அசைத்து, சேர்ந்து தொடங்கினார்கள், இவர் குரலைத் தாழ்த்தி, அவர் உயர்த்தி.

"அக்கா, அந்த வீட்டு மனுஷன் என்னைக் கேலி பண்ணல. அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு மருமகளா வரட்டும். வேற இடம் பார்க்காதீங்க. இது என் விருப்பம்."

ஒரு இடத்திலும் தட்டவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கறாராக வந்தது:

"யாரு பேசுறது? என் தம்பிகிட்ட போனைக் குடுங்க."

ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கூட இருக்கிற அக்கா, தம்பி திக்காமல் பேசிக் கேட்டதே இல்லை. ப்ரூஃப் சார் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நம்மாளைப் பார்த்துக் கையை அமர்த்திக் காட்டினார். நம்மாளு சட்டென்று டப்பாவிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை உருவிப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டார்.

"நா…" என்றார் ப்ரூஃப் சார். இமை மூடியது. "நா… நா…"

எப்போதும் இந்த இடத்தில் அக்கா முடித்து வைத்துவிடுவார். இன்றைக்கு அந்த அம்மாவுக்கு மீதி என்னவென்று தெரியவில்லை, காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ப்ரூஃப் சார் அவசரப்படவில்லை. வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான்தான்க்கா. நா… நான்தான் பேசுனேன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. "சொல்லுடா," என்றார் அக்கா, வேறு ஒரு குரலில். "நீ சொல்லி முடி. நான் கேக்குறேன்."

நம்மாளுக்குக் கண்ணை நீர் மறைத்தது. சொல்ல என்னவோ வாய் வரைக்கும் வந்தது. பென்சிலை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டார்.